குறுக்கே போட்ட ஓடுதளம்

நல்லம்பள்ளிப் பக்கத்தில் பிளசியைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் அவளைப் பிடித்தவர்கள் அதைவிடக் குறைவு. வயது முப்பத்தொன்பது. தனியார் பாலிடெக்னிக் ஒன்றில் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் உதவியாளர் வேலை. ஓசூரில் கட்டிக்கொடுத்த வாழ்க்கை நாலு வருஷத்தில் முறிந்து திரும்பி வந்தவள். கூடப்பிறந்த அண்ணன் மேலேயே கேஸ் போட்டு ஜெயித்தவள். இந்த ரெண்டையும் ஊர் எப்படியோ பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாமல் போனது மூன்றாவதைத்தான். கேஸ் போட்டு வாங்கின நிலத்தில் ஒரு விதைகூடப் போடாமல், ரோலர் வைத்து மண்ணை இறுக்கி, அதில் ரிமோட் ஏரோப்ளேன் ஓட்டினாள்.

அப்பா அல்போன்ஸ் செத்தபோது நாலு ஏக்கர் இருந்தது. அது முழுக்கத் தனக்குத்தான் என்று அண்ணன் மரிய ஆனந்த் நினைத்திருந்தான். தங்கச்சிக்கு நகை போட்டாயிற்று, கல்யாணம் செய்து கொடுத்தாயிற்று, இனி என்ன என்பது அவன் கட்சி. அவள் ரெண்டு சூட்கேசோடு வந்து இறங்கினபோது ஒரு வாரம் வைத்துக்கொண்டார்கள். எட்டாம் நாள் பிளசி குளித்துவிட்டு வந்து பார்த்தால், அண்ணி ஷைனி அந்த ரெண்டு சூட்கேசையும் வாசலுக்கு வெளியே எடுத்து வைத்திருந்தாள். பிளசி தலையைத் துவட்டி முடித்தாள். அதே சூட்கேசைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறித் தருமபுரியில் வக்கீலைப் பார்த்தாள். கேஸ் ஆறு வருஷம் இழுத்தது. தீர்ப்பாகி, சர்வேயர் கல் நட்டு, மேற்குப் பக்கத்து ரெண்டு ஏக்கர் அவள் பேருக்கு வந்த அன்று மரிய ஆனந்த் வரப்பில் நின்று காறித் துப்பினான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூட இருவரும் ஒரே பக்கம் உட்காருவதில்லை.

ஏரோப்ளேன் பைத்தியம் அவளைப் பிடித்தது கல்லூரியில். என்.சி.சி. ஏர் விங்கில் பால்சா என்கிற லேசான கட்டையில் சின்ன விமானம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனபோது, பெங்களூர் எல்லையில் ஒரு காய்ந்த ஏரியில் ஞாயிறுதோறும் சிலர் ரிமோட் விமானம் விடுவதாகக் கேள்விப்பட்டுப் போய் நின்றாள். எட்டு ஞாயிறு வெறுமனே நின்றாள். ஒன்பதாவது ஞாயிறு ஒருவர் ரிமோட்டை அவள் கையில் கொடுத்தார். வீட்டுக்காரனிடம் பூசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்தக் கல்யாண வாழ்க்கையில் அவளுக்கு மூச்சு விட முடிந்த நேரம் அது ஒன்றுதான்.

ஊருக்குத் திரும்பியபின், வாடகைக்கு எடுத்த மாடி அறையில் ஏழு மாதம் உட்கார்ந்து தானே ஒன்று செய்தாள். இறக்கை ஐந்தடி நீளம். மூக்கில் பேட்டரி மோட்டார், ஒரு அடி நீள விசிறி. அடிப்பக்கம் மஞ்சள், மேல்பக்கம் நீலம். இறக்கையைக் கழற்றித் துணியில் சுற்றி ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு சனி ஞாயிறு நிலத்துக்குப் போவாள். ஓடுதளம் கிழக்கு மேற்காக இருந்தது. கிழக்கே எழும்பினால் நேரே அண்ணனின் சாமந்தித் தோட்டம், அதைத் தாண்டி அவன் வூடு. விமானம் ஓட்டுக்கூரை மேல் சத்தத்தோடு திரும்பும்போது கோழிகள் சிதறி ஓடும், ஷைனி வெளியே வந்து திட்டுவாள், மரிய ஆனந்த் வரப்புக்கு வந்து கத்துவான்.

சோறு போடுகிற மண்ணை நாசம் பண்ணுகிறாள் என்பான். பொம்பளைக்கு வேறு வேலையே இல்லையா என்பான். பிளசி திரும்பியே பார்க்கமாட்டாள். இன்னொரு சுற்று விடுவாள்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை அவள் போனபோது ஓடுதளத்தின் நடுவில் பூக்கூடைகள் அடுக்கியிருந்தன. முப்பது கூடைக்கு மேல். பொங்கல் முடிந்து முகூர்த்தம் வரிசையாக வந்த நேரம், தோட்டத்தில் ஆறேழு பெண்கள் பூப்பறித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வேண்டுமென்றேதான் அங்கே வைத்திருந்தான். எடுக்கச் சொன்னாள். வண்டி வரட்டும் எடுக்கலாம் என்றான். அவள் ஒவ்வொரு கூடையாகத் தூக்கி வரப்புக்கு அந்தப் பக்கம் வைக்க ஆரம்பித்தாள். வைத்தாள் என்று அவள் பிற்பாடு சொன்னாள். எறிந்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கால்மணி நேரம் நடந்த சண்டையில் செத்துப்போன அப்பா அம்மாவெல்லாம் இழுபட்டார்கள். கடைசியில் மரிய ஆனந்த் சொன்னான்:

"புருஷன் வூட்ல ஒட்டல, பொறந்த வூட்ல ஒட்டல. இந்தப் பொம்மையாவது உங்கூட ஒட்டுமான்னு பாப்போம்."

 பிளசி அவசர அவசரமாக இறக்கையை மாட்டி, பேட்டரியைச் சொருகி, விமானத்தை ஓடுதளத்தில் வைத்து ஓடவிட்டாள்.

அது ஓடிப் போய் நன்றாகத்தான் எழும்பியது. தென்னை உயரத்துக்குப் போனபோது ஒரு காற்று அடித்து இடது பக்கம் சாய்ந்தது. வலது பக்கம் திருப்பினாள். இன்னும் இடது பக்கமே சாய்ந்தது. முழுக்க வலது பக்கம் தள்ளினாள். இறக்கை செங்குத்தாக நின்றது. அடுத்த நொடி மூக்கைக் குத்திக்கொண்டு சாமந்திக்குள் இறங்கியது. மோட்டாரை நிறுத்தவேண்டும் என்று விரலுக்குத் தோன்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பூவுக்குள்ளிருந்து யாரும் கத்தவில்லை. பிளசி ஓடிப் போய்ப் பார்த்தபோது தங்கம்மாள் பாத்திக்கு நடுவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதுக்காரி. அந்தத் தோட்டத்தில் பத்து வருஷமாகப் பூப்பறிப்பவள். வலது முன்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, விரலிடுக்கில் ரத்தம் வடிவதை யாருடைய ரத்தத்தையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளசி துப்பட்டாவை அவிழ்த்துக் கட்டப் போனாள். மரிய ஆனந்த் அவளைத் தள்ளிவிட்டுத் தன் துண்டால் கட்டி, பிக்கப் வண்டியில் தங்கம்மாளை ஏற்றிக்கொண்டு போனான். பிளசி ஸ்கூட்டியில் பின்னாலேயே போனாள். ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் குறுக்கே நின்று உள்ளே விடவில்லை.

பதினாறு தையல். நரம்பு அறுந்து ஒட்ட வைத்தார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை.

மரிய ஆனந்த் மறுநாளே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தான். சப் இன்ஸ்பெக்டர் கலைமணி இடத்தைப் பார்க்க வந்தார். ஐம்பதைத் தாண்டிய மனுஷன், எதற்கும் அவசரப்படாதவர். நிலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்துவிட்டு, விமானம் ஏன் விழுந்தது என்று கேட்டார். பிளசி யோசிக்கவேயில்லை. அண்ணன் காட்டுப்பன்றிக்குப் போட்டிருக்கிற கரண்ட் வேலிதான் காரணம், அது ரிமோட் சிக்னலைக் கெடுத்துவிட்டது என்றாள். சொல்லும்போது நூற்றுக்கு நூறு அப்படித்தான் நம்பினாள். அண்ணன் காரணமில்லாமல் அவளுக்கு எந்தக் கெடுதலும் நடந்ததே கிடையாது. கலைமணி எழுதிக்கொண்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்:

"நெலம் வடக்கு தெக்காதானே நீளமா இருக்குது. வடக்க வெறும் கரடு, ஒரு ஆளு கெடையாது. நீங்க ஏம்மா குறுக்க போட்டீங்க?"

"காத்துக்குத்தாங்க சார். எதிர்க்காத்துலதான் ஏத்தணும்."

அதையும் எழுதிக்கொண்டார். உடைந்த விமானத்தைப் போட்டோ எடுத்துவிட்டு, கூப்பிடும்போது கொண்டுவரச் சொல்லி அவளிடமே விட்டுப் போனார்.

அவள் அதை அள்ளிச் சாக்கில் போட்டு, மாடி அறையில் கட்டிலுக்கடியில் தள்ளினாள். மூன்று வாரம் தொடவில்லை. அந்த மூன்று வாரத்தில் பாலிடெக்னிக் முதல்வர் கூப்பிட்டு, காலேஜ் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வீட்டுக்காரம்மா ஜானகியம்மாள், மாடியில் வெடிக்கிற சாமான் ஏதாவது இருக்கிறதா என்று வந்து பார்த்தாள். பங்குச் சாமியார் பூசை முடிந்ததும் கூப்பிட்டு, நிலத்தை அண்ணனுக்கே கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்றார். அது அண்ணன் சொல்லி அனுப்பியது என்று அவளுக்குத் தெரியும். நிலத்தை எழுதிக் கொடுத்தால் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், தங்கம்மாளிடமும் நானே பேசி முடிக்கிறேன் என்பது அவன் பேச்சு. சாமியாரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். கரண்ட் வேலியால்தான் விழுந்தது என்பதைக் கோர்ட்டிலேயே நிரூபிக்கிறேன் என்றும் சொன்னாள்.

நிரூபிப்பதற்காகத்தான் சாக்கை அவிழ்த்தாள். மூக்கு நசுங்கியிருந்தது. உடம்பு ரெண்டாகப் போயிருந்தது. இறக்கை மட்டும் ஓரளவு முழுசாக இருந்தது. இறக்கையின் நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு குட்டி மோட்டார் இருக்கும், சர்வோ என்பார்கள். இறக்கையின் பின்னோரத்து மடிப்புகளை மேலும் கீழும் அசைப்பது அதுதான். வேறு பேட்டரி ஒன்றை மாட்டி, இறக்கையைத் தரையில் வைத்து, ரிமோட்டில் குச்சியை இடது பக்கம் தள்ளினாள். இடது மடிப்பு மேலே ஏற வேண்டும். கீழே இறங்கியது.

மறுபடி தள்ளினாள். மறுபடியும் கீழேதான் இறங்கியது.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. விழுவதற்கு முந்தின வாரம் பழைய சர்வோ கரகரவென்று சத்தம் போட்டதால் புதிதாக வேறு ஒன்று மாற்றியிருந்தாள். அது எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிற வகை. ரிமோட்டில் அதைத் திருப்பி வைக்க வேண்டும். நிலத்துக்குப் போய் ஒருமுறை குச்சியை அசைத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். ஒவ்வொரு முறை ஏற்றுவதற்கு முன்னும் செய்கிற வேலைதான், அரை நிமிஷம்கூட ஆகாது. அன்று அண்ணன் சொன்னது காதில் இரைந்துகொண்டிருந்ததில் அதைச் செய்யவில்லை. இடது பக்கம் சாய்ந்த விமானத்தை வலது பக்கம் திருப்புவதாக நினைத்து, இன்னும் இடது பக்கம் சாய்த்துத் தங்கம்மாள் கைமேல் இறக்கியது அவளேதான்.

அடுத்து அவள் செய்ததை யாருக்கும் பெருமையாகச் சொல்ல முடியாது. ரிமோட்டின் திரையில் அந்த இடத்துக்குப் போய், திசையைத் திருப்பி வைத்தாள். ஒரு பட்டனை அழுத்துகிற வேலை. குச்சியைத் தள்ளினாள், இடது மடிப்பு சரியாக மேலே ஏறியது. இனி யார் வந்து சோதித்தாலும் எல்லாம் ஒழுங்காக இருக்கும். தப்பு கரண்ட் வேலியுடையதாகவே நிற்கும். ரிமோட்டை வைத்துவிட்டு எழுந்து கை கழுவினாள். ரெண்டு நாள் வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள்.

மூன்றாம் நாள் லேபில் ஒரு பையன் சர்க்யூட்டைத் தப்பாக மாட்டிவிட்டு, கரண்ட் சரியில்லை என்றான். பிளசி அவனைக் கடுமையாகத் திட்டினாள். தேவைக்கு மேல் திட்டினாள். பையன் அழுதுவிட்டான். மதியம் லீவு போட்டுவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனாள்.

கலைமணி முகம் சுளித்தார். எழுதி முடித்த ஸ்டேட்மெண்டைத் திரும்ப எழுதுவது யாருக்கும் பிடிக்காத வேலை. வேலி காரணமில்லை, சர்வோவை மாற்றிவிட்டுச் சரிபார்க்காமல் விட்டது தன் தப்பு, அதைக் கண்டுபிடித்த பிறகு மறைக்கப் பார்த்ததும் தன் தப்பு என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினார். ஓடுதளம் பற்றி மறுபடி கேட்கிறாரா என்று பார்த்தாள். கேட்கவில்லை. அவளே சொன்னாள்:

"காத்துக்குன்னு அன்னிக்குச் சொன்னேங்க சார். வடக்கு தெக்கா போட்டாலும் ஏத்தலாம். எங்கண்ணன் வூட்டு மேல போவணும்னுதான் குறுக்க போட்டேன்."

கலைமணி பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தார். அதை எழுத வேண்டியதில்லை என்றார்.

கேஸ் அபராதத்தோடு முடிந்தது. முறையான அனுமதி இல்லாமல் இனி எதையும் பறக்கவிடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். மரிய ஆனந்த் இதை ஊரெல்லாம் சொன்னான். அவனிடம் போய் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியது ஒரே ஒரு ஆளிடம்தான் என்று நினைத்தாள்.

தங்கம்மாள் வூடு தோட்டத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, பஞ்சாயத்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். ரெண்டே அறை. மகன் திருப்பூரில். பிளசி போனபோது இடது கையால் கஷ்டப்பட்டு விளக்கமாறு பிடித்துப் பெருக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. பிளசி நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். தப்பு தன்னுடையது, வேறு யாருடையதும் இல்லை என்றாள். தங்கம்மாள் பெருக்குவதை நிறுத்தவில்லை.

"நீங்க பாட்டுக்கு வந்து உள்ளதச் சொல்லிப்புட்டு லேசாப் போயிருவீங்க," என்றாள். "எங் கையி?"

 என்ன செய்யட்டும் என்று பிளசி கேட்டாள். வாரத்துக்கு ரெண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கைப்பயிற்சிக்கு வரச் சொல்கிறார்கள், ரெண்டு பஸ் மாறணும், ஒத்தைக் கையோடு கூட்டத்தில் நிற்க முடியவில்லை, உங்கள் அண்ணன் முதல் தடவை மட்டும்தான் வண்டி அனுப்பினார் என்றாள் தங்கம்மாள். கேட்டுக்கொள்வது மாதிரி சொல்லவில்லை. வேலை ஏவுவது மாதிரி சொன்னாள்.

மாசி மாதத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் பிளசி அரை நாள் லீவு எடுத்தாள். ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த தங்கம்மாள், போகும்போதும் பேசமாட்டாள், வரும்போதும் பேசமாட்டாள். வேகத்தடை வந்தால்கூட பிளசியின் தோளைப் பிடிக்காமல் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொள்வாள். பயிற்சி அறையில் வலி தாங்காமல் பல்லைக் கடிக்கும்போது பிளசி எழுந்து வந்தால், உட்காருங்க என்று தலையால் காட்டுவாள். பாலிடெக்னிக்கில் லீவு தீர்ந்து சம்பளம் பிடித்தார்கள். வழியில் பார்க்கிறவர்கள் ஏதாவது சொல்லிச் சிரித்தார்கள். பிளசிக்கும் உள்ளே கோபம் இல்லாமல் இல்லை. ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும் என்று சில நாள் ஆத்திரமாக வரும். திரும்பிப் போகிற வழியில் அந்த ஆத்திரத்தை வண்டி ஹார்ன் மேல் காட்டுவாள்.

சித்திரை கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, திரும்பி வரும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. நல்லம்பள்ளியில் வண்டியை நிறுத்தி, வேறு வழியில்லாமல் தங்கம்மாளை மாடி அறைக்குக் கூட்டிப்போனாள். டீ போட ஒட்டியிருந்த சமையல்கட்டுக்குப் போனாள். வெளியே வந்தபோது தங்கம்மாள் கட்டிலருகே குனிந்து நின்றிருந்தாள். சாக்கு திறந்திருந்தது. முனை உடைந்த விசிறியை இடது கையில் எடுத்து வைத்திருந்தாள்.

"இதா?"

"ஆமாங்க்கா."

விரலால் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு நீல இறக்கையைப் பார்த்தாள். அதில் பிளசி மெல்லிய கட்டைகளை வரிசையாக ஒட்டி, மேலே படலம் இழுத்து ஒட்டியிருந்ததை, கிழிந்த இடத்தின் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இதச் செய்ய எத்தன நாளு ஆச்சி?"

"ஏழு மாசம்."

"ஏழு மாசம் ஒக்காந்து செஞ்சிட்டு, ஒரு தடவ சரியா இருக்குதான்னு பாக்க நேரமில்லாமப் போச்சி."

குரலை உயர்த்தவில்லை. டீயை வாங்கி இடது கையால் குடித்தாள். பிளசி ரொம்ப நாளாக யாரிடமும் கேட்காத ஒன்றை அப்போது கேட்டுவிட்டாள். இதைத் திரும்பச் செய்யட்டுமா, வேண்டாமா என்று கேட்டாள். கேட்டதுமே கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

"அத எங்கிட்ட கேக்காதீங்க," என்றாள் தங்கம்மாள். "பறக்க விடுங்க, இல்ல அடுப்புல வெய்யுங்க. நான் ஒண்ணு சொல்லி அதக் கேட்டு நீங்க நல்லவங்க ஆவறதுக்கு நான் ஆளில்ல."

மழை விட்டதும் போய்விட்டார்கள். ஆனி மாதத்தோடு பயிற்சி முடிந்தது. மோதிர விரல் மடங்கியது. சுண்டு விரல் நீட்டிக்கொண்டே நின்றுவிட்டது. பூப்பறிக்க விரல் முக்கியம், இனி முன்னே மாதிரி பறிக்க முடியாது என்று மரிய ஆனந்த் அவளை நிறுத்திவிட்டான். அவள் நூறு நாள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். கடைசி நாள் இறக்கி விட்டபோதும் தங்கம்மாள் நேரே உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கப்புறம் வழியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செவ்வாயும் வெள்ளியும் சும்மா ஆனபின் பிளசிக்கு மாடி அறை தாங்கவில்லை. சாக்கை அடுப்பில் வைத்தால் என்ன என்று நிஜமாகவே யோசித்தாள். அவள் பறக்க விட்டது பறக்கிற ஆசையால் மட்டும் என்றால் எளிதாக நிறுத்தியிருப்பாள். பெங்களூர் ஏரியில் நின்றபோது அது ஆசைதான். ஊருக்கு வந்தபின் அதில் அண்ணன் கலந்துவிட்டான். அவன் கூரைமேல் சத்தத்தோடு திரும்பும்போது வயிற்றுக்குள் ஒரு சந்தோஷம் வருமே, அதைத்தான் சனிக்கிழமைகளில் தேடிப் போனாள். இப்போது நிறுத்தினால் அண்ணன் ஜெயித்துவிட்டான் என்று இருக்கும். அவனுக்காக மறுபடி செய்தால் அதுவும் அவனுக்காகவே செய்ததாக இருக்கும். எந்தப் பக்கம் போனாலும் மரிய ஆனந்த் வந்து நின்றான். பல நாள் இப்படியே எரிச்சலில் கழிந்தது.

ஆடியில் ஒரு ஞாயிறு நிலத்துக்குப் போனாள். விமானம் இல்லை, கையில் டேப்பும் கயிறும் மட்டும். வடக்கு தெற்காக அளந்தாள். நீளம் தாராளமாக இருந்தது. நடுவில் மூன்று இடத்தில் பாறை தலைகாட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வடக்கே கரடு, முள்ளும் கல்லும், ஆடு மேய்க்கிறவன்கூட வெயில் நேரத்தில் அங்கே இருக்கமாட்டான். இந்தக் கோட்டில் ஏற்றினால் அண்ணனின் தோட்டத்து மேலும் போகாது, வூட்டு மேலும் போகாது. ஷைனியின் கோழி ஓடுவதைப் பார்க்க முடியாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். இப்படி ஓட்டினாலும் எனக்கு வேணுமா என்று கேட்டுப் பார்த்தாள். கொஞ்சம் நேரம் எடுத்தது. வேணும் என்றுதான் தோன்றியது.

ஜே.சி.பி. வைத்துப் பாறையை எடுத்தாள். பழைய குறுக்கு ஓடுதளத்தை டிராக்டர் விட்டு உழுது கொள்ளு தெளித்தாள். கிழக்கு எல்லையிலிருந்து நாற்பதடி உள்ளே வரிசையாக முருங்கைக் கிளைகளை வெட்டிப் போத்து நட்டாள், அதைத் தாண்டி விமானம் போகக் கூடாது என்று தனக்கே ஒரு கோடு. அனுமதிக்கு எழுதிப் போட்டாள். காகிதம் மூன்று தடவை திரும்பி வந்தது; நாலாவது தடவை அனுமதியாகவே வந்தது. மாடி அறையில் இறக்கையைப் பிரித்து, நல்லதாக இருந்த கட்டைகளை எடுத்துக்கொண்டு மீதியைப் புதிதாக வெட்டினாள். இந்த முறை ஐந்து மாதம் ஆனது. மஞ்சளும் நீலமும் அடிக்காமல், தூரத்திலிருந்தும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிற மாதிரி ஒரு இறக்கை சிவப்பு, ஒரு இறக்கை வெள்ளையாக அடித்தாள்.

மரிய ஆனந்த் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பாறையை உடைத்த தூசி தன் பூமேல் படிந்தது என்று ஒரு மனு கொடுத்தான். முருங்கையின் நிழல் தன் பக்கம் விழுகிறது என்று இன்னொரு மனு.

மார்கழியில், ஒரு மதியம், தோட்டத்தில் பூப்பறிப்பு முடிந்து ஆட்கள் போனபின் பிளசி விமானத்தைக் கொண்டுபோனாள். அவள் ஸ்கூட்டியிலிருந்து இறங்கும்போதே அண்ணன் வரப்பில் வந்து நின்றுவிட்டான். போனைக் கையில் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அவள் பார்த்தாள். இறக்கையை மாட்டினாள். பேட்டரியைச் சொருகினாள். குச்சியை இடது பக்கம் தள்ளி இடது மடிப்பைப் பார்த்தாள். வலது பக்கம் தள்ளி வலது மடிப்பைப் பார்த்தாள். வால் மடிப்புகளைப் பார்த்தாள். எழுந்து நின்றவள் மறுபடி உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தாள். இரண்டாவது தடவை பார்த்தது பயத்தினால்தான்.  கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள்.

வடக்கே ஓடி எழும்பியது. கரட்டுக்கு மேலே கொஞ்சம் தள்ளாடியது. ஒரு முறை இடது பக்கம் சாய்ந்தது. வலது பக்கம் திருப்பினாள், திரும்பியது. பெரிதாக ஒரு வட்டம், அப்புறம் இன்னொன்று. சிவப்பும் வெள்ளையும் மாறி மாறித் தெரிந்தது. கூரை மேல் திரும்புகிற சத்தம் இல்லை, யாரும் வெளியே வந்து திட்டவில்லை. ஆறு நிமிஷம் பறந்தது. இறங்கும்போது சக்கரம் ஒரு கல்லில் ஏறிக் குதித்து, ஓடுதளத்தை விட்டு வெளியே போய், வால் தூக்கி நின்றது. விசிறியில் ஒரு முனை உடைந்திருந்தது. வேறு சேதம் இல்லை.

மரிய ஆனந்த் ஆறு நிமிஷமும் எடுத்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் வைத்தான். இந்த ஒரு வருஷத்தில் தங்கச்சியிடம் நேராக அவன் பேசியது அப்போதுதான்.

"மறுபடியும் விழும் பாரு."

பிளசி விமானத்தைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"விழும்," என்றாள். "விழுந்தா என் நெலத்துல விழும்."

அவன் போனபின், புது விசிறியை மாட்டி இன்னொரு தடவை ஏற்றலாமா என்று யோசித்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இறக்கையைக் கழற்றித் துணியில் சுற்ற ஆரம்பித்தாள்.